ஊசி போட யோசிக்கிற டாக்டர்: பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்

சமாதானபுரம் பக்கம் ஒரு சந்துக்குள், மாவு மில்லை ஒட்டி இருக்கிற கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர் பெயரைப் போடவில்லை. டாக்டர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று மருத்துவ கவுன்சில் விதியே இருக்கிறது, அவருக்காக நான் செய்வானேன்?

நான் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருமுனை கிளினிக்கில் ஒரு தப்பு நடந்தால் அது கடைசியில் எங்கள் வார்டுக்குத்தான் வந்து சேரும். இடுப்பில் ஊசி போட்ட இடம் சீழ் கட்டி வருவார்கள். ஊசி இடம் மாறி நரம்பில் பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்து வருவார்கள். என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டால், "வெள்ளையா இருந்துச்சு சிஸ்டர், சின்ன பாட்டில்" என்பார்கள். கையில் ஒரு சீட்டு இருக்காது. அதனால் எந்தக் கிளினிக்குக்குள் நுழைந்தாலும் தரை பளபளப்பும் ஏசியும் என் கண்ணில் படாது. ஊசி போடுகிற மேஜை எங்கே என்றுதான் தேடும்.

இங்கே அந்த மேஜைக்கு வேலை குறைவு. எனக்கு முதலில் பிடித்ததே அதுதான். நம் ஊரில் காய்ச்சல் என்று போனால் ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி. ஒரு ஆச்சி, "எய்யா, பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்திருக்கேன், ஒரு ஊசியப் போட்டு விட்டிரேன்" என்று மன்றாடிக்கொண்டிருந்தார். "ஊசி போட்டா அந்த வலியும் சேர்ந்துக்கிடும் ஆச்சி, மாத்திரையே கேக்கும்" என்று சொல்லி, பாரசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை, அதற்கு முன்னால் வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் உடனே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். ஆச்சி முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால் டைக்ளோஃபினாக் என்கிற வலி ஊசி ஆபத்து. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்த உடம்பில் ரத்தக்கசிவு கூடிவிடும். தெரிந்தும், போடாவிட்டால் கூட்டம் அடுத்த டாக்டரிடம் போய்விடுமே என்று போடுகிறவர்கள் உண்டு. இவருக்குக் கைராசி போதாது என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். காய்ச்சலுக்கெல்லாம், அதைச் சட்டென்று அடக்கிக் காட்டுகிற டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு அனுப்பினால் யாருக்குமே கைராசி வந்துவிடும். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக்கும் இவர் எழுதுவதில்லை, அதுவும் அந்த அக்கா கணக்கில் ஒரு குறை.

சரி, போட்டே தீர வேண்டிய ஊசியை எப்படிப் போடுகிறார்கள்? சிஸ்டர் சின்னப் பெண்தான். ஆனால் கையைக் கழுவிவிட்டு, நம் கண் முன்னால் புது சிரிஞ்சைப் பிரிக்கிறாள். போட்டு முடித்ததும் ஊசியைத் திரும்ப மூடிக்குள் செருகுவதில்லை. செருகும்போதுதான் விரலில் குத்தும், ஹெபடைட்டிஸ் பி அந்த வழியில்தான் எங்கள் ஆட்களுக்கு வரும். நேரே கட்டரில் ஊசியை வெட்டி, குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் விடுகிறாள். பிளாஸ்டிக் சிரிஞ்சு சிவப்புக்கு, மருந்துக் குப்பி நீலத்துக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிற நிறங்கள் இவை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம், முனை மழுங்கின ஊசியைக் கல்லில் தீட்டுவோம். இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. மஞ்சள் தொட்டிக்குள் ஒரு டீ கப் கிடந்தது. டோக்கன் கொடுக்கிற தம்பியின் கைவேலையாகத்தான் இருக்கும், சொல்லிவிட்டு வந்தேன்.

டெட்டனஸ் தடுப்பூசியும் இன்சுலினும் தனி ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. கூடவே மோர் பாக்கெட், மல்லிகைப்பூ எதுவும் இல்லை. உள்ளே தெர்மாமீட்டர், வெளியே ஒரு நோட்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் குறிக்கிறார்கள். புரட்டிப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் எல்லாம் காலி. கிளினிக்குக்குத்தானே லீவு, ஃப்ரிட்ஜுக்கு ஏது லீவு? அன்றைக்குக் கரண்ட் போனாலும் தெரியாது, குளிர் கூடி மருந்து உறைந்து கெட்டாலும் தெரியாது. டெட்டனஸ் மருந்து ஒரு தடவை உறைந்துவிட்டால் அப்புறம் உருகினாலும் பிரயோஜனம் இல்லை.

இந்த டாக்டரிடம் எனக்கு மரியாதை கூடியது வேறொரு விஷயத்தில். நெஞ்சு வலி என்று வந்த ஒருவரை இசிஜி எடுத்துப் பார்த்த கையோடு, ஆஸ்பிரினை மெல்லச் சொல்லி, 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டுக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, அளவு, கொடுத்த நேரம், எல்லாம் படிக்கிற மாதிரி கையெழுத்தில். கேஷுவாலிட்டியில் இரவு டியூட்டி பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

இனி என் பெரிய குறை. மாத்திரைகளைக் கிளினிக்கிலேயே கொடுக்கிறார்கள், அதுவும் அட்டையிலிருந்து வெட்டி எடுத்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டு. காலை ஒன்று, இரவு ஒன்று என்று கோடு கிழித்திருக்கிறது, மாத்திரையின் பெயரைக் காணோம். வீட்டில் நாலு பேருக்கு நாலு கவர் இருந்தால் எது யாருடையது? ஒவ்வாமை வந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னவென்று சொல்வது? நான் கேட்ட பிறகு கவரில் பெயர் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி பெரும்பாலும் மிச்சத் துண்டோடு நின்றுவிடுகிறது. முழு அட்டையாகக் கொடுக்கலாம், இல்லை சீட்டு எழுதி மெடிக்கலுக்கு அனுப்பலாம். ஊசியில் இவ்வளவு கறாராக இருக்கிறவர் இதில் மட்டும் ஏன் அசட்டையாக இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இதை மாற்றுகிற வரைக்கும் கவரை வாங்கினதும் அங்கேயே நின்று, பெயரையும் தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பவுண்டர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை.

ஃபீஸ் 150 ரூபாய். ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரியும். இருமிக்கொண்டிருப்பவரும் கைக்குழந்தைக்காரியும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும், வெளியே ஒரு பெஞ்சு போட இடம் இருந்தும் போடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் அதிகம் என்றால் டோக்கன் தம்பியிடம் சொல்லுங்கள், முதலில் அனுப்புவான். வாசல் படி உயரம், பிடித்து ஏறக் கம்பி இல்லை. முட்டுவலிக்காரர்கள் துணைக்கு ஆளோடு போவது நல்லது.