சேற்று வெள்ளத்துக்கு 4 கிராம் பொட்டலம்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

புயல் நிவாரணத்துக்கு வெளிநாடு கிளம்பும் தொண்டூழியர்களுக்கு, குளோரின் மாத்திரைக்கு முன் பி அண்ட் ஜி (புரோக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனத்தின் தண்ணீர் சுத்திகரிப்புப் பொட்டலத்தைத்தான் சொல்வோம். கலங்கல் நீரில் போட்ட குளோரினை மண்ணும் மக்கும் (மக்கிப்போன இலைதழை) தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. ஊரில் தேற்றாங்கொட்டை உரைத்தால் தண்ணீர் தெளியும், கிருமி சாகாது. இந்தப் பொடியில் சேற்றைத் திரட்டி இறக்க ஃபெரிக் சல்ஃபேட்டும், கிருமியைக் கொல்லக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தே இருக்கின்றன. குளோரினுக்கு எளிதில் சாகாத, வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் பெரும்பாலும் திரளோடு அடியில் இறங்கிவிடுகிறது. எங்களைக் கேட்டால் இதன் முதல் பலமே அதுதான்.

பலரும் சறுக்குவது அளவில். ஒரு பொட்டலத்துக்கு 10 லிட்டர். 1.5 லிட்டர் பாட்டிலால் ஆறு தடவை, பிறகு 1 லிட்டர் ஊற்றி, வாளியில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கூடினால் குளோரின் போதாது.

பொடியைக் கொட்டி 5 நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும். கை வலிக்கிறதென்று இரண்டு நிமிடத்தில் விட்டால் திரள் சிறுத்து, துணி வழியே நழுவும். 5 நிமிடம் அசையாமல் வையுங்கள். தெளியவில்லையா, மறுபடி கலக்குங்கள். ஓட்டையில்லாத பருத்தித் துணியில், அடி வண்டலைக் கிளறாமல் வேறு சுத்தமான வாளிக்கு வடிகட்டி, 20 நிமிடம் பொறுங்கள். மஞ்சளாக இருந்தால் குடிக்க வேண்டாம். மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வண்டலைப் பிள்ளைகள் கை படாத இடத்தில் கொட்டுங்கள்.

கடல்நீர் புகுந்த கிணற்றுக்கு இது உதவாது; உப்பு அப்படியே இருக்கும். பெட்ரோல், பூச்சிமருந்து கலந்த வெள்ளத்துக்கும் ஆகாது. கிளம்புமுன் பயிற்சி செய்ய, சாலை எண்ணெய் கலக்கும் நம்மூர்க் கால்வாய் நீரை எடுக்காதீர்கள். குழாய்நீரில் களிமண்ணைக் கரைத்தால் போதும். பூந்தொட்டி மண்ணில் மக்கு அதிகம், குளோரின் சீக்கிரம் தீரும். பயிற்சியில் குளோரின் சோதனைத் தாளையும் நனைத்துப் பாருங்கள்: அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது.

வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) வைப்பதானால் ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். உறை பிரிந்ததை எடுக்காதீர்கள். நிவாரணப் பெட்டியில் பொட்டலத்தை மட்டும் போட்டு அனுப்பாமல் இரண்டு வாளி, துணி, நீளக் கரண்டியும் கூடவே அனுப்புங்கள்.