ஓடும் விஎம்முக்கு பேக்கப்: எல்விஎம் ஸ்னாப்ஷாட்டா, ஓவர்லேயா?

லினக்ஸின் கேவிஎம்மில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் (மெய்நிகர் கணினியின்) டிஸ்க் கோப்பை நேரடியாக நகலெடுத்தால், அதன் தொடக்கம் இரண்டு மணி நிலையிலும் கடைசிப் பகுதி இரண்டே முக்கால் நிலையிலும் இருக்கும். அப்படி ஒரு டிஸ்க் எந்த நொடியிலும் இருந்ததே இல்லை. அதனால்தான் முதலில் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கை ஒரே கணத்து நிலையில் பிடித்துவைப்பது.

எல்விஎம் என்பது லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. அதன் சாதாரண ஸ்னாப்ஷாட்டில் விஎம் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஒரு பகுதி முதன்முறை மாறும்போது மட்டும், அங்கிருந்த பழைய தரவு தனியாக ஒதுக்கிய இடத்துக்குப் போகும். எவ்வளவு இடம் என்பதை நாம்தான் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். 10 ஜிபி கொடுத்து, நகல் முடிவதற்குள் அது நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாது. பேக்கப் போச்சு, ஆனால் விஎம் பாட்டுக்கு ஓடும். எல்லாம் சரியாக முடிந்தால் ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட்டுப் போகலாம்.

ஓவர்லே இதற்கு நேர்மாறு. பழைய கோப்பு அப்படியே நின்றுவிட, புதிய எழுத்தெல்லாம் ஒரு கியூகவ்2 (விஎம் டிஸ்க்குக்கான ஒரு கோப்பு வடிவம்) கோப்பில் சேரும். அளவை ஊகிக்கும் தலைவலி இல்லை. ஆனால் விஎம்மைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியில் இடம் தீர்ந்தால் விஎம்மே நின்றுவிடும். நகல் முடிந்ததும் பிளாக்கமிட் என்ற கட்டளையால் இரண்டையும் இணைத்தாக வேண்டும். சோதனைக்காக என் பேக்கப் ஸ்கிரிப்ட்டில் அந்த வரியை கமெண்ட் செய்துவிட்டு (ஓடாமல் நிறுத்திவிட்டு) மறந்தவன் நான். ஸ்கிரிப்ட் இரவுதோறும் பிழையே இல்லாமல், பழைய கோப்பையே நகலெடுத்துக்கொண்டிருந்தது. ரீஸ்டோர் செய்து பார்த்தபோதுதான் மூன்று வாரப் பழைய தரவு என்று தெரிந்தது. இப்போதெல்லாம் விஎம் எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று டாம்பிளாக்லிஸ்ட் கட்டளையில் பார்க்காமல் நகலைத் தொடங்குவதில்லை.

எந்த வழியில் போனாலும், விஎம்முக்குள்ளே கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்ட் சொல்வதை உள்ளே செய்துதரும் சிறு மென்பொருள்) இல்லையென்றால் கிடைப்பது பிளக்கைப் பிடுங்கிய கணத்து டிஸ்க்தான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி தன் ரீடூ லாக்கை (மாற்றங்களின் பதிவை) வைத்து மீண்டுகொள்ளும். எல்லா மென்பொருளும் அவ்வளவு சமர்த்து இல்லை. ஓவர்லே எடுக்கும்போது குவையஸ் என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தால் போதும், ஏஜென்ட் வழியாகக் கோப்பு முறைமையை உறையவைத்து விடுவித்துவிடும். எல்விஎம்மில் உறையவைக்கும், விடுவிக்கும் கட்டளைகள் இரண்டையும் நாமே கொடுக்க வேண்டும், விடுவிக்க மறந்தால் விஎம் தொங்கும்.

ரா டிஸ்க் (கியூகவ்2 போன்ற வடிவம் இல்லாத நேரடி டிஸ்க்) ஏற்கெனவே எல்விஎம்மில் இருந்தால் நான் எல்விஎம்மையே தொடர்வேன். கியூகவ்2 என்றால் இந்த இரண்டுமே வேண்டாம். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளில், 2020இல் வந்த 6.0 முதல் பேக்கப்-பிகின் கட்டளை இருக்கிறது. ஓவர்லே சங்கிலி கிடையாது, அடுத்த முறை மாறிய பிளாக்குகள் மட்டும் போதும். ஆனால் பேக்கப் போய்ச் சேரும் டிஸ்க் மெதுவானது என்றால் விஎம்மின் எழுத்தும் கூடவே இழுபடும்.