ஒயின் தோட்டத்தின் பசுமை முயற்சிகளை எதில் சொல்வது: மின்மடலா, வாட்ஸ்அப்பா, போத்தல் லேபிளா?

நியூசிலாந்தின் மார்ல்பரோவிலோ ஆஸ்திரேலியாவின் பரோசாவிலோ ஒரு சிறிய ஒயின் தயாரிப்பாளர் களைக்கொல்லியைக் குறைக்கிறார், கூரையில் சூரியத் தகடு பொருத்துகிறார், கனமான போத்தலைக் கைவிடுகிறார். அந்த ஒயினைச் சிங்கப்பூரில் வாங்குகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியவரும்? இங்கே ஒயின் தோட்டங்கள் இல்லை. நம்மவர்களில் சிலர் கம்பம் பக்கம் போனபோது பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சையைப் பார்த்திருப்பார்கள். ஒயினுக்கென்று வளர்க்கும் திராட்சையைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம் சொன்னால்தான் உண்டு. அப்படிப்பட்ட சிறு நிறுவனங்களை மனத்தில் வைத்துத்தான் இந்த அலசல். என் தேர்வு மின்மடல், அதாவது மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடல். ஆனால் மற்றவற்றுக்கும் அவற்றுக்குரிய இடம் இருக்கிறது.

முதலில் வாட்ஸ்அப். அனுப்பினால் படிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 2014 முதல் நடப்பில் உள்ள ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு, சிங்கப்பூர்த் தொலைபேசி எண்ணுக்கு வரும் விளம்பரச் செய்திகளையும் கட்டுப்படுத்துகிறது. வாட்ஸ்அப்பும் அதில் அடங்கும். தெளிவான சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையேல் பதிவேட்டைச் சரிபார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் அந்தப் பதிவேட்டில் வராது. அதற்கு 2007ஆம் ஆண்டின் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது: கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் தலைப்பிலேயே விளம்பரம் என்ற குறி வேண்டும், விலகும் வழியும் வேண்டும். கேட்டு வாங்கிய பட்டியலுக்கு மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய சுமையல்ல.

வாட்ஸ்அப்பில் எனக்குள்ள பெரிய குறை வேறு. குடும்பக் குழுவுக்கும் தீபாவளி வாழ்த்துக்கும் நடுவே வந்து விழும் செய்தியை மூன்று மாதம் கழித்துத் தேடி எடுக்க முடியாது. ‘சரக்கு வந்துவிட்டது’, ‘சனிக்கிழமை சுவைப்பு நிகழ்ச்சி’ என்று சொல்ல அது அருமை. ஒரு தோட்டம் போன ஆண்டு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சியது, இந்த ஆண்டு எவ்வளவு என்பதை அதில் சொன்னால் நிற்காது.

போத்தல் லேபிளில் கியூஆர் குறியீடு ஒட்டிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். யோசனை அழகானது, போத்தல் எப்படியும் வீட்டுக்கு வருகிறதே. ஆனால் ஐரோப்பிய ஒயினில் இது சிக்கல். 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்களில் சேர்பொருள்களையும் ஊட்டச்சத்து விவரங்களையும் தெரிவிக்க ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. அவற்றைக் கியூஆர் வழியாகக் காட்டவும் அனுமதித்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் விற்பனை நோக்கமுள்ள எதுவும் இருக்கக் கூடாது, படிப்பவரின் தரவையும் சேகரிக்கக் கூடாது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சேர்பொருள் பார்க்க வந்தவரிடம் கதை விற்கக் கூடாதுதான். பசுமைக் கதைக்குத் தனியாக இன்னொரு குறியீடு வேண்டும், ஒரே லேபிளில் இரண்டு இருந்தால் வாங்குகிறவர் குழம்புவார்.

இன்ஸ்டாகிராம் புதியவர்களை ஈர்க்கும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் கொடிவரிசைகளுக்கிடையே செம்மறிகள் மேயும் படத்துக்கு விருப்பக்குறிகள் குவியும். களைக்கொல்லி எவ்வளவு குறைந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது.

சுவைப்பு நிகழ்ச்சிக்கு ஈடான நம்பிக்கையை வேறு எதுவும் தராது. எதிரே இருப்பவர் கேள்வி கேட்கலாம், மழுப்பினால் உடனே தெரிந்துவிடும். வரக்கூடியவர்கள் சிலரே என்பதுதான் அதன் எல்லை.

இனி மின்மடல். நமக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். ஒயின் தோட்டம் பருவத்தால் வாழ்கிறது. தென்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கவாத்து, செப்டம்பரில் துளிர். இந்த ஓட்டத்தோடு ஆண்டுக்கு நான்கு மடல் போதும். வாரந்தோறும் தள்ளுபடியோடு கலந்து அனுப்பினால் பசுமைச் செய்தியும் விளம்பரமாகவே படிக்கப்படும்.

எழுதும்போது எண்ணைச் சொல்லுங்கள். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற வரியை யாராலும் சரிபார்க்க முடியாது; போத்தலைத் தராசில் வைக்க முடியும். ஒயினின் கரிம வெளியேற்றத்தில் கண்ணாடிப் போத்தலுக்குப் பெரும்பங்கு உண்டு. 2023இல் பல சில்லறை நிறுவனங்கள் சேர்ந்து, போத்தலின் சராசரி எடையை 550 கிராமிலிருந்து 420 கிராமுக்கு 2026 முடிவதற்குள் இறக்குவதாக ஒப்புக்கொண்டன. உங்கள் தயாரிப்பாளரின் போத்தல் எத்தனை கிராம்? அந்த ஒரு வரி பத்துப் படங்களைவிட மேல். சான்றிதழ் இருந்தால் எந்த அமைப்பின் சான்றிதழ் என்று பெயரோடு எழுதுங்கள். பனியில் பயிர் போன ஆண்டானாலும், மருந்து கூடுதலாக அடித்த ஆண்டானாலும் அதையும் எழுதுங்கள். மறைத்தால், அடுத்த மடலில் நல்ல எண் வந்தாலும் எவரும் நம்பமாட்டார்கள்.

இங்கே நடப்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். பத்துக் காசு வைப்புத்தொகையோடு 2026 ஏப்ரலுக்கு வகுக்கப்பட்ட பானக் கலன் திட்டம் பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் உலோக டின்களுக்கும் மட்டுமே. கண்ணாடி அதில் இல்லை. குடித்து முடித்த ஒயின் போத்தலை என்ன செய்வது என்ற கேள்விக்கு இறக்குமதியாளர்தான் பதில் தேட வேண்டும். தோட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமல்ல.

மின்மடலுக்கும் குறைகள் உண்டு. 2021இல் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்புக்குப் பிறகு, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப முடியாது. வருகிற பதில்களை எண்ணுவதே மேல். ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மடலின் வாலை வெட்டிவிடும், விலகும் இணைப்பும் அதோடு மறைந்துபோகும். உணவகங்களையும் வீட்டு வாடிக்கையாளர்களையும் ஒரே பட்டியலில் போடவும் கூடாது. உணவகத்துக்கு, பரிமாறும் ஊழியர் மேசையருகே நின்று சொல்லக்கூடிய இரண்டு வரிதான் தேவை. முப்பது பேருக்கும் குறைவான பட்டியலென்றால் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

தொடங்குகிறவர்கள் அறுவடை முடிந்த மே மாதத்தில் முதல் மடலை அனுப்பலாம். போத்தல் எடை, ஒரு லிட்டர் ஒயினுக்குச் செலவான தண்ணீர், சூரிய ஒளியிலிருந்து கிடைத்த மின்சாரத்தின் பங்கு என மூன்று எண்கள் அதில் இருக்கட்டும். அடுத்த மே மாதமும் அதே மூன்று எண்கள், பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே.