ஃபார்மசி ஃபர்ஸ்ட்: நீர்க்கடுப்புக்கு நேரே போகலாம், தொண்டை வலிக்கு யோசித்துப் போங்கள்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2024 ஜனவரி 31 அன்று தொடங்கிய சேவை இது. ஏழு நோய்களுக்கு ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரைப் பார்க்காமலே, பக்கத்து மருந்தகத்தின் மருந்தாளரே பரிசோதித்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கலாம். தொடக்கத்திலேயே 10,000க்கும் மேற்பட்ட மருந்தகங்கள் சேர்ந்துவிட்டன. மருந்தகத்திலேயே கிடைக்கும் கருத்தடை மாத்திரையையும் ரத்த அழுத்தச் சோதனையையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு கோடி ஜி.பி. அப்பாயின்ட்மென்ட் மிச்சமாகும் என்றது அரசு. அந்தக் கணக்கு இருக்கட்டும். போகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், ஏழும் ஒரே தரத்தில் இல்லை.

இருப்பதிலேயே உருப்படியானது நீர்க்கடுப்புக்கான சிகிச்சை. 16 முதல் 64 வயது வரையுள்ள, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு மட்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல், புதிதாக இரவில் எழுந்து போக வேண்டியிருப்பது, சிறுநீர் கலங்கலாக இருப்பது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இருந்தால் பொதுவாகத் தருவது நைட்ரோஃபுரன்டோயின் 100 மி.கி., நாளுக்கு இரண்டு வீதம் மூன்று நாள், ஆக மொத்தம் ஆறு கேப்சூல். சாப்பாட்டோடு விழுங்குங்கள், சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான். காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அதற்கு மருந்தகம் போதாது. ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, ஒரு வருடத்தில் மூன்று தடவையோ வந்திருந்தாலும் ஜி.பி.யிடம்தான் அனுப்புவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து அக்கி (ஷிங்கிள்ஸ்). 18 வயது முதல். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவதுதான் நல்லது. ஜி.பி. அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருந்தே அந்த நேரத்தைத் தொலைப்பவர்கள் ஏராளம் என்பதால், இந்த ஒன்றுக்காகவே சேவையைப் பாராட்டலாம். அசைக்ளோவிர் 800 மி.கி., நாளுக்கு ஐந்து, ஏழு நாள்: 35 மாத்திரை. ஐந்து வேளையில் ஒன்றைத் தவறவிடுவது சுலபம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கண் பக்கமோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் மருந்தகத்தில் நேரத்தைப் போக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தொண்டை வலிக்குப் போகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். ஐந்து வயது முதல் யாரும் போகலாம்தான். ஆனால் காய்ச்சல், சீழ், வலி தொடங்கி மூன்று நாளுக்குள் மருந்தகத்துக்கு வந்தது, டான்சில் கடுமையாகச் சிவந்திருப்பது, இருமலோ சளியோ இல்லாதது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடுவார்கள். நான்குக்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக் கிடையாது. நான்கு, ஐந்து வந்தாலும் வலி கடுமையாக இருந்தால்தான். கிருமிகள் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாமல் போகும் என்று இந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு இந்தக் கண்டிப்புதான் பதில். கண்டிப்பு சரியே, கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை, எழுதி வைத்த நெறிமுறையைத் தாண்டிக் கொடுக்க மருந்தாளருக்கு அதிகாரமே இல்லை.

சைனசும் (12 வயது முதல்) இப்படித்தான்: தொல்லை பத்து நாளைத் தாண்டியிருக்க வேண்டும், அப்போதும் பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டுதான் முதலில். காதுவலி ஒன்று முதல் 17 வயது வரை மட்டும். ஓட்டோஸ்கோப்பால் உள்ளே பார்க்கத் தெரிந்த மருந்தாளர் அன்று பணியில் இருக்கிறாரா என்று போன் செய்துவிட்டுக் குழந்தையைக் கூட்டிப் போங்கள். சீழ் பிடித்த பூச்சிக்கடியும் இம்பெடைகோ என்ற தோல் புண்ணும் மீதி இரண்டு, அவற்றில் பெரிய சிக்கல் இல்லை.

ஆலோசனை இலவசம், மருந்து இலவசமில்லை. இங்கிலாந்தில் வழக்கமான மருந்துச்சீட்டுக் கட்டணமே இதற்கும்: 2024 மே மாதம் நிர்ணயித்தபடி ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. 16 வயதுக்குக் கீழே, 60 வயது முதல், இன்னும் சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. மருந்துச்சீட்டுக் கட்டணத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கிய சான்றிதழும் செல்லும். ஸ்காட்லாந்தில் இதே பெயரில் வேறு சேவை இருக்கிறது, அங்கே மருந்தும் இலவசம். இணையத்தில் படிக்கும்போது எந்த நாட்டைப் பற்றியது என்று பாருங்கள்.

சேவையின் பெரிய ஓட்டை பணம் போகும் வழியில் இருக்கிறது. தொடக்கத்தில் ஓர் ஆலோசனைக்கு மருந்தகத்துக்கு 15 பவுண்டு. ஆனால் நேரே நடந்து வந்தவர் நோயின் தகுதி வரம்புக்குள் வரவில்லை என்றால், மருந்தாளர் கால் மணி நேரம் செலவழித்திருந்தாலும் ஒரு பென்னிகூடக் கிடையாது. ஜி.பி. வரவேற்பறை மின்னணுப் பரிந்துரை அனுப்பியிருந்தால், சிறு உபாதை ஆலோசனை என்ற கணக்கிலாவது பணம் வரும். பல இடங்களில் "பார்மசிக்குப் போங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் ஜி.பி.க்குப் போன் செய்யும்போது, பரிந்துரையைக் கணினியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அப்படி வந்தால் மருந்தகத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கும், நீங்கள் போகாவிட்டால்கூட அவர்களே தொடர்புகொள்ள முயல்வார்கள்.