நெருக்கமான காட்டு மைதானத்துக்கு இன்னோவா மேகோ3

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்கை வீசிக் கூடையில் சேர்க்கும் ஆட்டம். மரங்கள் அடர்ந்த மைதானத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, முதல் இடுக்கு. வீச்சு தொடங்கும் இடமான டீயிலிருந்து 15 மீட்டரில், இரு மரங்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கின் அகலத்தைக் கழித்தால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் மூன்றரை டிகிரிக்குள் வீச வேண்டும். ஸ்பீட் (வேக எண்) 12, 13 உள்ள டிரைவரை, அதாவது தொலைதூர டிஸ்கை, முழு பலத்தோடு வீசி அதற்குள் அடக்குபவர்கள் மிகக் குறைவு. அங்கே பையிலிருந்து எடுக்க வேண்டியது இன்னோவா நிறுவனத்தின் மேகோ3 போன்ற மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூர டிஸ்க்தான்.

இது பறக்கும் விதத்தைச் சொல்லும் எண்கள் 5, 5, 0, 0. ஸ்பீட் 5, கிளைட் (மிதக்கும் தன்மை) 5, டர்னும் ஃபேடும் பூஜ்யம். அதாவது வலக்கை பேக்ஹேண்டில் (உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசும்போது), வேகமாகப் போகும்போது வலப்புறம் சாயாது (டர்ன்), வேகம் தணியும்போது இடப்புறம் இழுக்காது (ஃபேட்). ஹைசரில் (வெளி விளிம்பு தாழ்ந்த சாய்வில்) விட்டால் ஹைசரிலேயே முடியும்; ஆன்ஹைசரில் (வெளி விளிம்பு உயர்ந்த சாய்வில்) விட்டால் பெரும்பாலும் நிமிராமல் அப்படியே போகும். ஒரே பக்கம் மெதுவாக வளையும் பேர்வேக்கு (டீக்கும் கூடைக்கும் இடையிலான பாதைக்கு) இதைவிட நல்ல துணை கிடையாது. விளிம்பின் அடியில் பீடு (சிறு மேடு) இல்லாததால் விரல்களிலிருந்து சுத்தமாக விடுபடுகிறது.

இதே குணம்தான் சிக்கலும். வீசுபவரின் பிழையை இந்த டிஸ்க் திருத்தாது. மணிக்கட்டை உருட்டினால் புறப்படும்போதே தள்ளாடி வலப்புற மரத்தில் மோதும். மூக்கு (முன்விளிம்பு) தூக்கியிருந்தால் கிளைட் 5 அதை மேலே ஏற்றிக் கிளையில் அடிக்க வைக்கும். தாழ்ந்த கிளைகள் உள்ள இடத்தில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் நேர்கின்றன. வீசுமுன் எடுக்கும் ஓட்டத்தை இரண்டு மூன்று அடிவைப்பாகக் குறையுங்கள், அல்லது நின்றபடியே வீசுங்கள். டிஸ்கை இடுக்கின் நேர்கோட்டிலேயே பின்னுக்கு இழுத்து, இடுப்புயரத்தில் முன்விளிம்பைச் சற்றே தாழ்த்தி, எழுபது சதவீத பலத்தில் விடுங்கள். கண் மரத்தில் பதியக் கூடாது, இடைவெளியில் பதிய வேண்டும்.

எதிர்க்காற்றில் இதை நம்ப வேண்டாம், புரண்டு விழும். காடு திறந்து காற்று வீசும் இடங்களுக்கு ராக்3 (அதே வரிசையில் 5, 4, 0, 3) என்ற டிஸ்க் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். சரிவில் இறங்கும் பேர்வேயிலும் கவனம் தேவை: மிதந்துகொண்டே கூடையைத் தாண்டிவிடும். இலேசான ஹைசரில் விட்டால் முன்னதாகவே தரையிறங்கும்.

ஸ்டார், டிஎக்ஸ், சாம்பியன் ஆகிய பிளாஸ்டிக் வகைகளில் என் தேர்வு ஸ்டார். டிஎக்ஸ் நன்றாகப் பிடிபடும், விலையும் குறைவு. ஆனால் மரத்தில் மோதி மோதி விளிம்பு நசுங்கி, விரைவிலேயே வலப்புறம் சாயத் தொடங்கும். பூஜ்யம் டர்ன் என்ற பெயர் அதோடு போய்விடும். சாம்பியன் அடி தாங்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். துண்டு இல்லாமல் அதைக் கொண்டுபோகாதீர்கள். எடையில் 175 கிராமுக்கு மேல் எடுத்தால் இலைகளை உரசும்போது பாதை மாறுவது குறைவு. கை வேகம் குறைந்தவர்களுக்கு 165 முதல் 170 வரை வசதி.

நிறத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். போட்டி விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு தண்டனை வீச்சு கணக்கில் கூடும், அதோடு முந்தைய இடத்திலிருந்தே மறுவீச்சு. பச்சையும் பழுப்பும் புதரில் மறைந்துபோகும், சருகு நிறைந்த தரையில் சிவப்பும் ஆரஞ்சும்கூட மறையும். பளிச்சென்ற இளஞ்சிவப்பு எல்லாப் பருவத்திலும் கண்ணில் படுகிறது. மரத்தில் பட்டுத் தெறித்தால், அது தரையில் விழும்வரை கண்ணை எடுக்காமல், பக்கத்தில் உள்ள ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு நேராக நடந்துபோங்கள்.