டூ-வே எல்எஸ்டி போட்டு ஒரு சீசன் முழுக்க டிரிஃப்ட் ஓட்டியாச்சு, என் அனுபவம்

ரியர் வீல் டிரைவ் வண்டி வாங்கிட்டு டிரிஃப்ட் (பின் டயர சறுக்க விட்டே திருப்பத்துல ஓட்டுறது) கத்துக்க கிளம்புற யாரு என்கிட்ட வந்து கேட்டாலும் நான் இப்போ சொல்றது ஒண்ணுதான், டர்போவ தொடாதீங்க, எக்ஸாஸ்ட்ட தொடாதீங்க, முதல்ல பின்னாடி இருக்குற டிஃப்ப, அதாவது எஞ்சின் சக்திய ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியல பாருங்க. இத நான் முன்னாடியே செஞ்சிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். அதனாலதான் இந்த எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்தாம கட்டுப்படுத்துற டிஃப்) பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்கு, அத கீழ சொல்றேன். கிளட்ச் டைப் டூ-வே (ரெண்டும் என்னன்னு கீழ இருக்கு) எல்லாத்துக்குமே இதுல பெரும்பாலான விஷயம் பொருந்தும்.

வண்டி நிஸ்ஸான் சில்வியா எஸ்13, எஸ்ஆர்20டிஇடி எஞ்சின், கம்பெனில இருந்து வந்த மாதிரியே 205 பிஎஸ் (குதிரைத்திறன்)தான், பூஸ்ட் கூட ஏத்தல. பின்னாடி ஆர்200 டிஃப், நான் வாங்கும்போது ஓப்பன், அதாவது பூட்டுற வசதி இல்லாத சாதாரண டிஃப். ஓப்பன் டிஃப்போட டிரிஃப்ட் பண்ணிப் பாத்தவங்களுக்குத் தெரியும், ஹேண்ட்பிரேக் இழுத்தா வால் வெளிய போகும், மனசு குளிரும், அப்புறம் த்ராட்டில் மிதிச்ச உடனே உள்பக்க டயர் மட்டும் தனியா சுத்தி புகைய கக்கும், வெளிப்பக்க டயர் சும்மா உருண்டுகிட்டு இருக்கும், வண்டி அப்படியே செத்துப்போன மாதிரி நேராயிடும். திருப்பத்துல வெயிட் வெளிப்பக்கம் சாஞ்சிடுது, உள்பக்க டயருக்கு பிடிப்பு இல்ல, ஓப்பன் டிஃப் ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் குடுக்கும், அதனால பிடிப்பு இல்லாத சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இன்னொன்னுக்கும் கிடைக்கும். 200 குதிரை இருந்தாலும் 400 இருந்தாலும் இதே கததான். நான் ஆறு மாசம் என் கால் மேலதான் தப்புன்னு நெனச்சு திரும்பத் திரும்ப அதே திருப்பத்துல முட்டிகிட்டு இருந்தேன்.

அப்போ டிராக்ல பல வருஷமா ஓட்டுற ஒரு அண்ணன் என் வண்டிய ஜாக்கில தூக்கி, நியூட்ரல்ல போட்டு, பின் சக்கரம் ஒண்ண கையால சுத்திக் காமிச்சாரு. இந்தப் பக்கம் முன்னாடி சுத்துனா அந்தப் பக்கம் பின்னாடி சுத்துச்சு. "தம்பி, இது ஓப்பன். குதிரைய கூட்டுறதுக்கு முன்னாடி கடிவாளத்த சரி பண்ணு"ன்னாரு. பழைய வண்டி வாங்கப் போறவங்க இந்த ஒரு சோதனைய கண்டிப்பா பண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷம் கூட ஆகாது. விக்கிறவரு எல்எஸ்டி இருக்குன்னு சொல்லி, ரெண்டு சக்கரமும் எதிரெதிரா லேசா சுத்துச்சுன்னா, ஒண்ணு அது ஓப்பன், இல்ல உள்ள இருக்குற பிளேட் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம் (பிளேட் இல்லாம கியர் வச்சே வேலை செய்யுற டோர்சன் டைப் எல்எஸ்டியா இருந்தா மட்டும் இந்தச் சோதனை செல்லாது, அது தூக்கி வச்சா ஓப்பன் மாதிரிதான் நடந்துக்கும்).

கையில காசு இல்லாததால முதல்ல வெல்டட் டிஃப்தான். உள்ள இருக்குற ஸ்பைடர் கியர சைடு கியரோட சேத்து வெல்டு வச்சா ரெண்டு பின் சக்கரமும் எப்பவும் ஒரே வேகத்துலதான் சுத்தும். அத குறை சொல்ல மாட்டேன், ரெண்டு சீசன் எனக்கு சோறு போட்ட மாதிரி அது. கிளட்ச் கிக், ஃபெயின்ட், ஹேண்ட்பிரேக் என்ட்ரின்னு வண்டிய சறுக்க வைக்குற வித்தை எல்லாமே நான் அதுலதான் கத்துகிட்டேன். ஆனா பார்க்கிங்ல திருப்பும்போது டயர் கீச் கீச்னு கத்தும், ஆக்ஸில் மேல பாரம் போய்கிட்டே இருக்கும், அதெல்லாம் விட பெரிய பயம் வெல்டு விரிசல் விட்டு ஒரு துண்டு கிரவுன் வீலுக்குள்ள (டிஃப்ப சுத்துற பெரிய பல்சக்கரம்) போச்சுன்னா பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும். தெரிஞ்சவன் ஒருத்தனுக்கு அப்படி ஆச்சு, நல்லவேளை மெதுவா போயிட்டிருந்தான். அத பாத்த அன்னைக்கே எல்எஸ்டிக்கு காசு சேக்க ஆரம்பிச்சுட்டேன்.

இப்போ சாமானுக்கு வருவோம். கிளட்ச் டைப்னா உள்ள வரிசையா பிளேட் அடுக்கியிருக்கும், ஒண்ணு விட்டு ஒண்ணு ஹவுசிங்கோடயும் சைடு கியரோடயும் மாட்டியிருக்கும். நடுவுல குறுக்கு பின், அத ரெண்டு பக்கமும் சரிவா வெட்டுன பிரஷர் ரிங் பிடிச்சிருக்கும். த்ராட்டில் மிதிச்சா அந்த பின் சரிவுல ஏறி ரிங்க வெளிய தள்ளும், பிளேட் எல்லாம் நெருக்கும், சக்கரம் ரெண்டும் சேந்து சுத்தும். ஒன்-வேன்னா மிதிக்கும்போது மட்டும் பூட்டும், டூ-வேன்னா கால எடுக்கும்போதும் அதே அளவு பூட்டும், 1.5-வே ரெண்டுக்கும் நடுவுல. டிரிஃப்ட்டுக்கு ஏன் டூ-வேன்னா அந்த கால எடுக்குற நேரம்தான் டிரிஃப்ட்ல பாதி. திருப்பத்துக்குள்ள நுழையும்போது, இடதுல இருந்து வலதுக்கு மாத்தும்போது, முன்னாடி போற வண்டிய இடிக்காம கொஞ்சம் அடங்கும்போது எல்லாம் கால் மேலதான் இருக்கும். அந்த நேரத்துல டிஃப் விட்டுக் குடுத்தா பின் டயர் சட்டுனு பிடிச்சு வண்டி எதிர்ப்பக்கம் வெட்டி அடிக்கும்.

பெட்டில வந்தது எல்எஸ்டி, ஒரு சின்ன பாட்டில் எண்ணெய், அப்புறம் ஒரே ஒரு தாள். என் வருத்தம் அந்தத் தாள்தான். பிரீலோடு (பிளேட்ட முன்கூட்டியே அழுத்தி வச்சிருக்குற அளவு) எவ்வளவுன்னு இல்ல, பிரேக்-இன் (புது சாமான ஓட்டிப் பழக்குறது) எப்படி பண்ணனும்னு இல்ல, பேரிங் ஷிம் (இடைவெளிய சரி பண்ற மெல்லிய தகடு) பத்தி ஒரு வரி கூட இல்ல. மெயில் போட்டேன், பதில் வரவே இல்ல. இந்த சாமான் சும்மா கழட்டி மாட்டுறது இல்ல, கிரவுன் வீல புது ஹவுசிங்குக்கு மாத்தி, பினியனோட (அத சுத்துற சின்ன பல்சக்கரம்) அது சேர்ற இடைவெளிய டயல் கேஜ் வச்சு பாக்கணும், மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு அளவுல இருக்குற கணக்கு அது. முதல்ல நான் குடுத்த ஒர்க்‌ஷாப்ல பழைய ஷிம்ம அப்படியே போட்டு மூடிட்டாங்க, 60 தாண்டுனா ஊஊஊன்னு ஒரே ஊளை. வேற ஒருத்தர்கிட்ட கொண்டு போய் திறந்தா, பல்லு மேல மார்க்கிங் பெயின்ட் தடவி சுத்திக் காமிச்சாரு, பதிவு நடுவுல விழாம ஓரத்துல விழுந்துச்சு. ஷிம் மாத்துன அப்புறம் சத்தமே இல்ல. அதனால மாட்டுறவங்க யாருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறமா எல்எஸ்டிய வாங்குங்க.

பிரேக்-இன்ன தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. காலியா இருந்த ஒரு கான்கிரீட் தரையில ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவா எட்டு போட்டேன், இடது வட்டம் வலது வட்டம், டயர் சறுக்காம, அரை மணி நேரம். முதல் பத்து நிமிஷம் பின்னாடி கட் கட் கடக்னு யாரோ சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி சத்தம், சீட்டு வழியா முதுகுல தெரியும். பயப்பட வேண்டாம், பிளேட் ஒண்ணோட ஒண்ணு பழகுது. போகப்போக அந்த கடக் நெருங்கி ஒரு முனகல் மாதிரி ஆச்சு. அன்னைக்கே சூட்டோட எண்ணெய இறக்குனேன், புதுசா ஊத்துன எண்ணெய் சாம்பல் கலர்ல, வெயில்ல பாத்தா வெள்ளிப் பொடி கரைச்ச மாதிரி மின்னுச்சு. டிரெயின் போல்ட் மேக்னெட்ல கருப்பா ஒரு பசை, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தேன், மை மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. அப்படி இருந்தா சரி. நறநறன்னு துகள் தட்டுப்பட்டாதான் கவலப்படணும்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம்னு கேட்டா, முதல் நாள் மூணாவது ரவுண்டுல எனக்குப் புரிஞ்சுது. செகண்ட் கியர், இடதுல முழு கோணத்துல போயிட்டிருக்கேன், வலதுக்கு மாத்தணும். வெல்டட்ல இந்த இடத்துல நான் எப்பவும் அவசரப்படுவேன், ஏன்னா கால எடுத்தா பின்பக்கம் ஒரே வேகத்துல விறைப்பா இழுத்துகிட்டு வரும், எப்போ விடும்னு யூகிக்கிறதே பெரும்பாடு. இதுல கால எடுத்தேன், ஸ்டீயரிங்க கைல இருந்து விட்டேன், சக்கரம் தானா சுழன்று விரல்ல உரசிகிட்டே எதிர்ப்பக்கம் போச்சு, பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி ஒரே சீரா வந்துச்சு, நான் ஸ்டீயரிங்க பிடிச்சு திரும்ப மிதிச்சப்போ வண்டி ஏற்கனவே அங்க நின்னுச்சு. ஹெல்மெட்டுக்குள்ள சத்தமா கத்திட்டேன். த்ராட்டில்ல கொஞ்சம் குறைச்சா கோணம் கொஞ்சம் குறையுது, கூட்டுனா கூடுது, இவ்வளவு நாள் எனக்குக் கிடைக்காம இருந்தது இதுதான்.

பவர் பத்தி கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். ஜப்பான் டிரிஃப்ட் டிரைவர் கெய்ச்சி சுச்சியா மலைப்பாதையில பேரு வாங்குன டொயோட்டா ஏஇ86ல இருந்தது 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ, ஜப்பான் கணக்குப்படி 130 பிஎஸ். அவரு அத சறுக்க வச்சது வேகத்த விடாம உள்ள கொண்டு போற விதத்துலயும் வெயிட்ட மாத்துற விதத்துலயும்தான். புதுசா ஏதாவது வண்டி பாக்குறீங்கன்னா, 2012ல வந்த டொயோட்டா 86ல பெரும்பாலான மாடல்ல டோர்சன் எல்எஸ்டி கம்பெனிலயே இருக்கு, ஆரம்பத்துக்கு அதுவே போதும், அத கழட்டிட்டு உடனே டூ-வே போடணும்னு அவசியமே இல்ல.

குறைகளும் இருக்கு. வீட்டுக்கும் ஆபிஸுக்கும் ஓட்டுற வண்டின்னா யோசிங்க, கூரான திருப்பத்துல மெதுவா போனா முன்பக்கம் நேரா தள்ளிகிட்டுப் போகும், சத்தமும் வரும். ஈரத் தரையில ரெண்டு டயரும் சேந்தே விடும், ஓப்பன்ல ஒரு டயராவது வண்டிய பிடிச்சு வச்சிருக்கும், அதனால மழைல ரோட்டுல ரொம்ப நிதானம் வேணும். எண்ணெய் செலவும் கூடும், நான் மூணு டிராக் நாளைக்கு ஒரு தடவ மாத்துறேன், எல்எஸ்டிக்குன்னே வர்ற 75டபிள்யூ-90 ஜிஎல்-5. ஒரு தடவ சாதாரண கியர் எண்ணெய ஊத்திப் பாத்தேன், சூடான உடனே பிளேட் வழுக்கி வழுக்கி பிடிச்சு ஒரே உதறல், மறுநாளே இறக்கிட்டேன்.

டயர் தேய்மானம் வெல்டட்ட விட குறைஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது, முக்கியமா உள்பக்க ஓரத்துல. ஆனா அதுக்குள்ள நான் ஓட்டுற விதமும் மாறிடுச்சு, அதனால முழுசா எல்எஸ்டிக்கே அந்தப் பேர குடுக்க மாட்டேன்.

சாமானுக்கு முழு மார்க்கு, கூட வந்த தாளுக்கும் அந்த கம்பெனியோட பதிலுக்கும் ஒண்ணும் கிடையாது. திரும்ப வாங்குவியான்னு கேட்டா வாங்குவேன், ஆனா வாங்குறதுக்கு முன்னாடியே பிரீலோடு எவ்வளவு, உதிரி பிளேட் தனியா கிடைக்குமான்னு எழுத்துல கேட்டு வாங்கிப்பேன். சீசன் முடிஞ்சு இப்போதான் டிஃப்ப கீழ இறக்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை பிரிச்சு ஒவ்வொரு பிளேட்டா மைக்ரோமீட்டர்ல அளக்கப் போறேன், எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்துட்டு இதுலயே சேத்துடுறேன்.