வீட்டுக் காணிக்கை உண்டியல்: வாங்குமுன் வாயையும் அடியையும் பாருங்கள்

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் கன்வென்ஷன் பந்தல் ஸ்டால்களிலும் கிடைக்கும் வீட்டு உண்டியல்கள் பெரும்பாலும் மண், தகரம், பிளாஸ்டிக், மரம் என்ற நாலில் ஒன்றாக இருக்கும். மேலே எழுதியிருக்கும் வசனத்தைப் பார்த்துத்தான் பலரும் எடுக்கிறார்கள். வசனம் எதிலும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்கவேண்டியது காசு போடும் வாயையும் பெட்டியின் அடியையும்.

10, 20 ரூபாய் நாணயங்களின் விட்டம் 27 மி.மீ. 500 ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம், நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தால் அகலம் 33 மி.மீ. ஆக வாய் 40 மி.மீ. நீளமும் 4 மி.மீ. இடைவெளியும் இருந்தால் போதும். சின்ன வாய்க்குத் தாளை நாலாக, எட்டாக மடிக்கவேண்டி வரும்; மடிப்பில் நைந்துபோகும், பெட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இடைவெளி அதிகமானால் கவிழ்த்துக் குலுக்கியே காசை எடுத்துவிடலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

மண் உண்டியல் ஓய்வுநாள் பள்ளிப் (சண்டே ஸ்கூல்) பிள்ளைகளின் சில்லறைக்குச் சரி. தாளுக்கு ஆகாது. மழைக்காலத்தில் தரையின் ஈரத்தை உறிஞ்சி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுவரோரம் வைத்தால் கரையானும் வரும். கரையான் தின்ற தாளை வங்கியில் மாற்றலாம்: 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதப் பரப்புக்கு மேல் மீதியிருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

தகரம் தூத்துக்குடி, குளச்சல் போன்ற கடலோர ஊர்களுக்கு வேண்டாம். முதலில் துருப்பிடிப்பது உள் மூட்டுதான். வெளியே தெரியும் முன்பே தாளில் கறை ஏறிவிடும். பிளாஸ்டிக்கில் மூடியின் மரை தேய்ந்துபோகும், வேறு குறையில்லை.

எங்கள் தேர்வு அடியில் திறக்கும் பூட்டுள்ள மரப்பெட்டி, இரண்டு அறை உள்ளது. ஒன்று தசமபாகத்துக்கு (வரவில் பத்தில் ஒரு பங்கு), மற்றது ஸ்தோத்திரக் காணிக்கைக்கோ (நன்றிக் காணிக்கை) ஏழைகளுக்கோ. ஆனால் தடுப்புப் பலகை மேல்பலகையைத் தொடுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். ஒரு அறையில் காசு போட்டு, கவிழ்த்துக் குலுக்கி, திறந்து பாருங்கள். பக்கத்து அறைக்குப் போயிருந்தால் அது ஒரே அறைதான், விலை மட்டும் இரண்டு அறைக்கு. அடிப்பலகை ஸ்க்ரூவில் நிற்கவேண்டும். 10 ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம், 200 சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ. சின்ன ஆணி தாங்காது.

நல்ல பெட்டியும் மீந்த சில்லறை போடும் இடமாகிவிட்டால் வீண். வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 16:2 வாரத்தின் முதல்நாள்தோறும் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொல்கிறது. சம்பளம் கைக்கு வந்த அன்றே பிரிக்கவேண்டும். கடை வைத்திருப்பவர் விற்பனையை வரவாக எண்ணிக் குழம்பக் கூடாது: விற்பனை 6,000, சரக்கு 5,000, வாடகையும் கூலியும் 400 என்றால் வரவு 600, தசமபாகம் 60.

சம்பளம் வங்கிக்கும் செலவு ஜிபேயிலும் போகிற வீட்டில் உண்டியல் காலியாகவே கிடக்கும். "பிறகு தருகிறேன்" என்று சீட்டு எழுதிப் போடுவது வேலைக்கு ஆகாது. மாதக் கடைசியில் சீட்டு மட்டும்தான் இருக்கும். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துச் சம்பளத் தேதியிலேயே பணத்தை மாற்றிவிடுவது மேல். நன்கொடைக்கான 80ஜி வருமானவரிச் சலுகை எதிர்பார்ப்பவர்களுக்கும் இதுவே வசதி: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பெறுகிற அமைப்புக்கு 80ஜி அனுமதியும் உங்களுக்குப் பழைய வரிமுறையும் இருக்கவேண்டும்.

மாதம் ஒருமுறை திறந்து, இரண்டு பேராக எண்ணி, நோட்டில் எழுதுங்கள். சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் சந்தா) ரசீதையும் அதிலேயே ஒட்டிவையுங்கள்.

ரொக்கமே புழங்காத வீட்டுக்குப் பழைய கைப்பிடி அரிசி டப்பாதான் பொருத்தம். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்துத்தான் சபை ஊழியத்தைத் தாங்குகிறார்கள். ஒரு பிடி சுமார் 50 கிராம் என்றால், தினம் ஒரு பிடிக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. இரண்டு கிலோ எவர்சில்வர் டப்பா போதும். நாலைந்து காய்ந்த மிளகாய் போட்டுவைத்தால் வண்டு குறையும். மாதாமாதம் கொடுத்துவிடுங்கள்; பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டினால் அடியில் இருப்பது புழுத்துப்போகும்.